ஸ்மைல், லேசிக், பிஆர்கே: எதற்குப் போகலாம்?

12 மே 2023

கண்ணாடி போடாமல் இருக்கச் செய்கிற லேசர் கண் ஆபரேஷன் பற்றித் திண்டுக்கல் தம்பி கேட்டது இது: "வயசு 22. பவர் மைனஸ் 4-க்கு மேல. ஸ்மைல்தான் லேட்டஸ்ட், ஃபிளாப் கிடையாது, வலி கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஏன் இன்னும் லேசிக், பிஆர்கே எல்லாம் பண்றாங்க? காசு இல்லாதவங்களுக்கா? பண்ணிக்கிட்டவங்க சொல்லுங்கண்ணா."

நான் இன்னும் பண்ணிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு மாதமாக இதே யோசனைதான். கும்பகோணத்தில் கல்யாண போட்டோகிராபர், வயது 34. வலது மைனஸ் 5.25, இடது மைனஸ் 6, இடதில் சிலிண்டர் (கருவிழி ஒரு பக்கம் மட்டும் அதிகம் வளைந்திருப்பதற்கான பவர்) 0.75 வேறு. கண்ணாடியோடு வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் படத்தின் நான்கு மூலையும் ஒருசேரத் தெரியாது. கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கும் நேரம் பார்த்துத்தான் ஐயர் கெட்டிமேளம் சொல்வார். 14 வருடமாக இதே கதை.

நான் புரிந்துகொண்டது இவ்வளவு. பிஆர்கே என்றால் கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்தில் ஒளி ஊடுருவும்படி இருக்கிற கார்னியா) மேல்தோலை எடுத்துவிட்டு, அடியில் இருப்பதை எக்ஸைமர் லேசரால் இழைப்பது. தோல் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும். லேசிக்கில் மேலே மெல்லிசாக ஒரு மூடி வெட்டி, ஒரு ஓரம் ஒட்டியபடியே அதைத் திருப்பி வைத்து, உள்ளே இழைத்து, மறுபடி மூடிவிடுவார்கள். அந்த மூடிதான் ஃபிளாப். ஸ்மைலில் எதையும் திறப்பதில்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்கு உள்ளேயே ஒரு சின்ன வில்லையை வெட்டி வைத்துவிடும். 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக டாக்டர் அதை உருவிவிடுவார், நுங்கை நெம்பி எடுக்கிற மாதிரி. குறைவான சதைதான் போகும். ஆக ஸ்மைல்தான். நானும் அதற்குத்தான் போகிறேன்.

13 மே 2023

காண்டாக்ட் லென்ஸ் போடக்கூடாதா என்று கேட்டவருக்கு: போடுகிறேன், முகூர்த்த நாளில் மட்டும். ஹோம குண்டத்துக்கு ரெண்டடி தூரத்தில் லென்ஸோடு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

20 மே 2023

திருச்சியில் ஒரு இடத்தில் காட்டிவிட்டு வந்தேன். பெயர் வேண்டாம்.

டாக்டரைப் பார்த்தது நாலு நிமிடம். கவுன்சிலரிடம் முக்கால் மணி நேரம். பட்டுப்புடவைக் கடையில் விரித்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்: சாதா லேசிக் 40 ஆயிரம், பிளேடு இல்லாத லேசிக் 75, கான்டூரா 95, ஸ்மைல் 1 லட்சத்து 20. "சார் மாதிரி ப்ரொஃபஷனுக்கு ஸ்மைல்தான் சார் சூட் ஆகும், இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணா பத்தாயிரம் குறையும்." எனக்கு எது சரிப்படும் என்பது கருவிழியில் எழுதியிருக்குமா, என் விசிட்டிங் கார்டிலா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஸ்கேன் பிரிண்ட் மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

விலைப்பட்டியல் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. கான்டூரா நாலாவது ஜாதி இல்லை, அதுவும் லேசிக்தான். கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுத்து, அதன்படி லேசர் இழைக்கிறது. ஃபிளாப் அங்கேயும் உண்டு. பிளேடா லேசரா என்பது மூடியை எதால் வெட்டுகிறார்கள் என்கிற வித்தியாசம்.

28 மே 2023

பிரிண்டில் இருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். இடது கருவிழியின் தடிமன் 498 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). சராசரி 540 பக்கம் என்கிறார்கள், நான் கொஞ்சம் மெலிசு. மனர்லின் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. இழைக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, மூன்றால் வகுத்தால் ஒரு பவருக்கு எத்தனை மைக்ரான் போகும் என்று வந்துவிடும். 6 மி.மீ. வட்டம் என்றால் 12. என் 6 பவருக்கு 72. ஃபிளாப் 110. 498-இல் இரண்டையும் கழித்தால் அடியில் 316 மிச்சம். 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய விதி, 300 இருக்கட்டும் என்பது இப்போது பலர் கடைப்பிடிப்பது. ஆக லேசிக்குக்கே இடம் இருக்கிறது, ஸ்மைலுக்குச் சொல்லவே வேண்டாம். ஆடியில் தொழில் இருக்காது, அப்போது முடித்துக்கொள்ளலாம்.

4 ஜூன் 2023

மேலே போட்ட கணக்கு தப்பு. யாரும் அதை நம்பி எதுவும் செய்யவில்லையே?

முதல் தப்பு, சிலிண்டரை விட்டுவிட்டேன். 6 இல்லை, 6.75. இரண்டாவது, 6 மி.மீ. வட்டம் எனக்குப் போதாது. இருட்டில் என் கண் பாப்பா 6 மி.மீ.-க்கு மேல் விரிகிறது என்று அதே பிரிண்டில் மூலையில் இருக்கிறது. இழைத்த வட்டத்தைவிடப் பாப்பா பெரிதாக விரிந்தால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் வரும். ரிசப்ஷன் மேடையில் எனக்கு அதுவே போதும். 6.5 என்று வைத்தால் ஒரு பவருக்கு 14 மைக்ரான், மொத்தம் 95. ஃபிளாப்போடு சேர்த்தால் 205. மிச்சம் 293. மொத்தத் தடிமனில் 41 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறோம். 40-ஐத் தாண்டினால் கருவிழி பலம் இழந்து நாளடைவில் முன்னால் பிதுங்கும் ஆபத்து கூடும் என்பதால் டாக்டர்கள் அங்கே தயங்குகிறார்கள்.

ஒரு மி.மீ.-இல் பாதியை மாற்றியதற்கும் சிலிண்டரைச் சேர்த்ததற்கும் 316 எங்கே, 293 எங்கே.

5 ஜூன் 2023

சிலம்பம் ஆடுகிறவர் கேட்டிருக்கிறார், லேசிக் செய்தால் அடிபட்டால் என்ன ஆகும் என்று. ஃபிளாப்பின் விளிம்புதான் நன்றாக ஆறும், நடுவில் பழைய பலம் வராது. பவர் திரும்பினால் சில வருடம் கழித்துக்கூட டாக்டரே அதைத் தூக்கித் திறக்க முடிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பு, பந்து, குத்துச்சண்டை என்று முகத்தில் படுகிற வேலை உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் ஃபிளாப் இல்லாததைத்தான் சொல்வார்கள்.

17 ஜூன் 2023

வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிந்ததும் சென்னையில் இரண்டாவது இடத்துக்குப் போனேன். வாசலிலேயே கேட்டார்கள், "லென்ஸ் எப்ப கழட்டினீங்க?" சாஃப்ட் லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு வாரம் போடாமல் வர வேண்டுமாம். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே அமுக்கி மாற்றி வைத்திருக்கும், ஸ்கேன் பொய் சொல்லும். திருச்சிக்கு நான் முந்தின நாள் முகூர்த்தத்தில் லென்ஸ் போட்டுவிட்டுத்தான் போனேன். அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த முறை நல்ல வேளையாகப் பத்து நாளாகப் போடவில்லை.

இங்கே டாக்டர் அம்மா அரை மணி நேரம் பேசினார். தடிமன் அதே 498 தான், வடிவம் ஒழுங்காக இருக்கிறது. லேசிக் வேண்டாம் என்றார், காரணம் நான் போட்ட அதே கணக்கு. (கர்வம் இல்லை, நிம்மதி.) அப்போ ஸ்மைல் என்றேன். சிரித்தார். ஸ்மைலில் சதை குறைவாகப் போகும் என்று 12 மே அன்று எழுதியிருந்தேன் அல்லவா, அது தலைகீழ். உருவும்போது கிழியாமல் இருக்க அந்த வில்லைக்கு ஓரத்திலும் கொஞ்சம் தடிமன் வேண்டும். அதற்காகவே 15 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகப் போகும். வில்லைக்கு மேலே விடுகிற அடுக்கு 120, வில்லை 95-உம் 15-உம் சேர்த்து 110, அடியில் மிச்சம் 268. மேல் பக்க நார்கள் வெட்டுப்படாமல் இருப்பதால் ஸ்மைலில் பலம் அதிகம் மிஞ்சும் என்கிற வாதம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் உங்கள் கண்ணில் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க மாட்டேன் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது.

மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று ஐசிஎல்: இழைப்பதே கிடையாது, கண்ணுக்குள் ஐரிஸுக்கு (பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம்) பின்னால் ஒரு லென்ஸை வைப்பது. வேண்டாமென்றால் எடுத்துவிடவும் முடியும். பவர் ரொம்ப அதிகமானவர்களுக்கு அதுதான் வரம். ஆனால் கருவிழிக்குப் பின்னால் இருக்கிற முன்னறையில் குறைந்தது 2.8 மி.மீ. ஆழம் வேண்டும், எனக்கு 2.7. போயிற்று. கடைசியில் நின்றது பிஆர்கே, தோலையும் லேசரே எடுக்கிற டிரான்ஸ் பிஆர்கே. மூடி இல்லை, அதனால் 110 செலவு இல்லை. 498-இல் 95 போனால் 403, மறுபடி வளர்கிற மேல்தோலையும் சேர்த்து.

தம்பி, உன் முதல் கேள்விக்குப் பதில்: காசு இல்லாதவர்களுக்காக இல்லை, என்னை மாதிரி மெலிசுக் கருவிழிக்காரர்களுக்காக.

விலை 55 ஆயிரம். திருச்சிக் கவுன்சிலர் இதன் பெயரையே எடுக்கவில்லை.

18 ஜூன் 2023

பழைய டெக்னாலஜிக்குத் திரும்பிப் போகிறீர்களே என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். பழசுதான். இந்த எக்ஸைமர் கதையே ருசியானது. 1981-இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் 193 நானோமீட்டர் லேசரை வைத்துப் பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்த மறுநாள், ரங்கசாமி ஸ்ரீனிவாசன் வீட்டில் மீந்த வான்கோழியை எடுத்துப்போய் அதில் அடித்துப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. அவரோடு ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும். பிறகு கண் டாக்டர் ஸ்டீபன் டிராக்கல் சேர்ந்தார், 1983-இல் கருவிழியில் இதைச் செய்யலாம் என்று எழுதினார்கள். ஸ்ரீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். நம்ம ஊர்ப் படிப்பும் மீந்த கறியும் சேர்ந்த விஷயம் என்று என் தங்கையிடம் சொன்னேன். "தீபாவளிக்கு மறுநாள் நம்ம வீட்டுல மீந்ததுல உப்புமாதான் வந்துச்சு" என்றாள்.

21 ஜூலை 2023

அண்ணன் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். முடிந்துவிட்டது. இரண்டு கண்ணும் ஒரே நாளில். சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள். இமை மூடாமல் கிளிப். மேலே பச்சை விளக்கு மினுக்கும், அதையே பார்க்க வேண்டும், அது கலங்கிக் கலங்கிப் பெரிதாகும். ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. முடி கருகுகிற வாடை வருகிறது, ஆனால் சூடே இல்லை. அப்புறம் மைட்டோமைசின் நனைத்த சின்னப் பஞ்சைக் கண்மேல் வைத்து நர்ஸ் நொடி எண்ணினார், ஆறும்போது தழும்பு மாதிரி மங்கல் படியாமல் இருக்க. குளிர்ந்த தண்ணீர். தோல் வளரும் வரை மூடி வைக்க பேண்டேஜ் லென்ஸ். வெள்ளிக்கிழமை வேறு, தங்கியிருக்கிற வீட்டுக்கு எதிரே அம்மன் கோயில் ஸ்பீக்கர். இப்போதைக்கு வலி இல்லை, வலிக்கும் என்று பீலா விட்டிருக்கிறார்கள் என்கிறார். (நான் தங்கச்சி. சாயங்காலம் பார்க்கலாம் என்கிறேன்.)

22 ஜூலை 2023

பீலா இல்லை.

23 ஜூலை 2023

மறுபடி தங்கச்சிதான். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டு, அதை எடுக்கவே முடியாத மாதிரி இருக்கிறதாம். அறை முழுக்கப் போர்வை கட்டி இருட்டாக்கியிருக்கிறோம். ஃபிரிட்ஜில் வைத்த சொட்டு மருந்து விட்டால் பத்து நிமிடம் சும்மா இருக்கிறார். அம்மா, "ஆடியில வேண்டாம்னு சொன்னேன்" என்பதை இதுவரை ஆறு தடவை சொல்லியாயிற்று.

30 ஜூலை 2023

நானே அடிக்கிறேன், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு. ஐந்தாம் நாள் பேண்டேஜ் லென்ஸை எடுத்தார்கள். வலி போய்விட்டது. பார்வை வரவில்லை. சார்ட்டில் 6/12 (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை நான் 6 மீட்டரில்தான் படிக்கிறேன்), ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் எழுத்து. தோல் நடுவில் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு மாதிரி இருக்குமாம், அது சமமாக வேண்டும். லேசிக் பண்ணியவன் மறுநாள் பைக் ஓட்டுகிறான், நான் பத்தாம் நாள் மொபைலைத் தேடுகிறேன்.

உண்மையைச் சொன்னால் இன்று காலையில் அழுதேன். தொழிலே கண்தான். ஐந்து மைக்ரானுக்கும் பத்து மைக்ரானுக்கும் பயந்து இந்தப் பாடு தேவையா, 293-க்கே துணிந்திருக்கலாமோ என்று ஓடியது.

13 ஆகஸ்ட் 2023

கேமராவில் வியூஃபைண்டர் பக்கத்தில் டயாப்டர் சக்கரம் என்று குட்டியாக ஒன்று இருக்கும், போட்டோ எடுக்கிறவர்களுக்குத் தெரியும். அவரவர் கண்ணுக்கு ஏற்ப அதைத் திருப்பிக்கொள்ளலாம். என்னுடையது மைனஸ் 6, சக்கரம் அதுவரை போகாது, அதனால் வாங்கிய நாளிலிருந்து அது தூசி பிடித்த உறுப்பு. இப்போது தினம் காலை லென்ஸ் மூடியைக் கழற்றாமல், உள்ளே தெரிகிற எண்கள் எந்தக் கிளிக்கில் துல்லியமாகின்றன என்று பார்த்து நோட்டில் குறிக்கிறேன். முதல் வாரம் எங்கே திருப்பினாலும் மங்கல். போன ஞாயிறு பூஜ்ஜியத்திலிருந்து மூன்று கிளிக் பிளஸ் பக்கம். இந்த ஞாயிறு ஒன்று. நிழல் எழுத்தும் பாதி கரைந்துவிட்டது.

30 ஜூலை பதிவை அழிக்கவில்லை. பிஆர்கே செய்யப் போகிறவர்கள் அதையும் படிக்க வேண்டும்.

21 ஆகஸ்ட் 2023

நேற்று ஆவணியில் முதல் கல்யாணம். பகலில் பிரமாதம். நான்கு மூலையும் தெரிகிறது! அறியாமல் மூக்கில் விரலை வைத்துக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன், அங்கே ஒன்றுமில்லை. கருப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போகக்கூடாது என்பதால் மண்டப வாசலில் மாப்பிள்ளை அழைப்பை வில்லன் மாதிரி நின்று எடுத்தேன். ராத்திரி ரிசப்ஷன் வேறு கதை. சீரியல் பல்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒளிவட்டம், கோயில் படம் மாதிரி.

"100 சதவீதம் சேஃப்" என்று இங்கே எழுதியவருக்கு: அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, லேசிக் நோயாளிகளிடம் கேட்டு நடத்திய ஆய்வில், முன்பு எந்தக் குறையும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் வளையம், கூச்சம் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். கண் உலர்வு புதிதாக வந்தது என்றவர்கள் 28 சதவீதம் வரை. அன்றாட வேலைக்கே பெரிய இடைஞ்சல் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்று எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள், கவுன்சிலர்கள் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

26 நவம்பர் 2023

இப்போது தங்கச்சி சொல்ல நான் அடிக்கிறேன், கணக்குத் தீர்ந்தது. அவள் மைனஸ் 3.5, தடிமன் 556, அதே டாக்டர் அம்மா, அவளுக்கு ஸ்மைல். இவளுக்குத் தாராளமாக இடம் இருக்கிறதே. லேசரின் கீழ் கண்ணை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிற அந்த அரை நிமிடம் அசையக்கூடாது என்பதுதான் பயமாம், அசைந்து பிடி விட்டுப்போனால் பாதியில் நிறுத்த வேண்டிவரும். வலி என்று ஒன்றும் இல்லை. மறுநாள் பார்வை புகைமூட்டமாக இருந்தது, மூன்றாம் நாள் ஆபீஸ். நரம்பு குறைவாக வெட்டுப்படுவதால் உலர்வும் அவளுக்கு அவ்வளவாக இல்லை. பொறாமையாக இருக்கிறது. ஒரே ஒரு ஆறுதல், பவர் மிச்சம் இருந்து திருத்த வேண்டி வந்தால் அவளுக்கும் பெரும்பாலும் பிஆர்கேதான், அதே மிளகாய். இதைச் சொன்னதற்கு அடித்துவிட்டாள்.

28 ஜனவரி 2024

ஆறு மாதம். இரண்டு கண்ணும் 6/6. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நவம்பரிலேயே நிறுத்தினார்கள், நடுவில் கண் அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒளிவட்டம் முக்கால்வாசி போய்விட்டது, தை முகூர்த்த ரிசப்ஷன்களில் தொந்தரவு இல்லை. ஹோமப் புகையில் மட்டும் எரிகிறது, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது.

40 வயதுக்கு மேற்பட்ட அண்ணன் ஒருவர் கேட்டதற்கு: வெள்ளெழுத்துக்கு இதெல்லாம் பதில் இல்லை. மைனஸ் உள்ளவர் இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறார் அல்லவா, லேசர் செய்தால் அந்த வசதி போய்விடும். படிக்கிற கண்ணாடி வாங்க வேண்டும். எனக்கும் இன்னும் ஆறேழு வருடம்தான்.

10 மார்ச் 2024

திண்டுக்கல் தம்பி பத்து மாதம் கழித்து எழுதியிருக்கிறான். இரண்டு இடத்தில் ஸ்கேன் எடுத்தானாம். தடிமன் 530-க்கு மேல், என்னைவிட வசதியானவன். ஆனால் கருவிழியின் கீழ்ப் பாதி செங்குத்தாக இருக்கிறது, கெரடோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்குகிற நோய்) ஆரம்பமாக இருக்கலாம், ஸ்மைல் லேசிக் பிஆர்கே எதுவும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு, கண்ணைக் கசக்குகிற பழக்கத்தை இன்றோடு விடு என்று சொல்லிவிட்டார்கள். வருத்தமாக எழுதியிருக்கிறான். தனி மடலில் ஸ்கேனையும் அனுப்பி "நீங்க பாத்து சொல்லுங்கண்ணா" என்கிறான்.

தம்பி, நான் கல்யாண போட்டோ எடுக்கிறவன். ஒரு கழித்தல் கணக்கையே தப்பாகப் போட்டவன். நான் மேலே எழுதியது முழுக்கத் தடிமனைப் பற்றியே இருக்கிறது, வடிவத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டேன், என் வடிவம் சரியாக இருந்ததால். அது என் குறை. வேண்டாம் என்று சொன்ன இரண்டு டாக்டர்களும் உன்னிடம் ஒரு லட்சம் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அவர்களையே பிடித்துக்கொள்.

18 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்குப் புரை ஆபரேஷன். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கெடுக்கிற பெண் முதலில் கேட்டது, "முன்னாடி கண்ணாடி போகிறதுக்கு லேசர் ஏதாவது பண்ணியிருக்கீங்களாப்பா?" அப்பா என்னைக் காட்டி, "நான் இல்லம்மா, இவன்" என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். கருவிழியை இழைத்துவிட்டால் வழக்கமான கணக்கு ஏமாற்றிவிடுமாம். இழைப்பதற்கு முந்தின அளவுகள் கையில் இருந்தால் நல்லது, நிறையப் பேர் தொலைத்துவிட்டு வருகிறார்கள் என்றார். கண் அழுத்தமும் எனக்கு இனி உள்ளதைவிடக் குறைத்தே காட்டும், கிளகோமாவுக்கு (கண் அழுத்த நோய்) பார்க்கிறவரிடமும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சென்னை ஃபைலைத் தேடினேன். ஆல்பம் அட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. 498 இருக்கிற தாள், ஆபரேஷன் குறிப்பு, இரண்டையும் லேமினேட் பண்ணி அம்மாவிடம் கொடுத்தேன். பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தங்கச்சியுடையதும் அங்கேதான்.